உரோமாபுரிக்கு ஒரு பயணத்திட்டம்

கடந்த மூன்று வாரங்களாக எமது வீட்டுச் சாப்பாட்டு மேசையின் ஒரு பாதியை உரோமாபுரி பிடித்துக்கொண்டிருக்கின்றது. விரித்த நகரப்படம் ஒன்று, மகளின் குறிப்புக் கொப்பி, இரண்டு பென்சில்கள் ஆகியன அங்கே குடியேறிவிட்டன. பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு, வருகின்ற டிசெம்பர் விடுமுறையில் அந்நகரைக் காணச் செல்வதெனத் தீர்மானித்துள்ளோம். செல்பவர் நால்வர்: நாம், எமது துணைவியார், உயர்தர வகுப்பிற் பயிலும் மகள், எம்முடன் வாழும் தமக்கையார். தங்கும் நாள்களும் நான்கே.

முதலாவது திட்டத்தை நாமே வகுத்தோம். கணித ஆசிரியரின் பழக்கம் எளிதில் விடுமா? பாடசாலை நேரசூசியைப் போலக் கட்டங்கள் கீறி, காலை 7 மணி முதல் இரவு 9 மணி வரை இடங்களை நிரப்பினோம். எண்ணிப் பார்த்தபோது 38 இடங்கள் தேறின. பெருமையோடு வாசித்துக் காட்டினோம்.

"அப்பா, இதில் இடைவேளையே இல்லையே" என்றாள் மகள்.

"இஞ்சாருங்கோ, நாங்கள் போவது ஊர் பார்க்கவோ, பரீட்சை எழுதவோ?" என்று கேட்டார் துணைவியார். தமக்கையார் ஒன்றும் பேசவில்லை.

அன்றிரவு சிந்தித்தபோது பிழை எங்கேயென்று விளங்கிற்று. அத்தாளிலே உரோமாபுரி முழுவதும் இருந்தது. அங்கே செல்லப்போகும் நால்வருள் ஒருவரேனும் இல்லை. மறுநாள் அதனை மடித்து வைத்துவிட்டு, ஒவ்வொருவரிடமும் ஒரே வினாவைக் கேட்டோம்: "அந்நகரில் ஒன்றை மட்டுமே காணலாம் எனின், எதனைக் காண விரும்புகிறீர்கள்?" அதற்குக் கிடைத்த விடைகளே இப்பொழுது எமது திட்டம்.

மகள் கொலோசியம் என்பாள் என எதிர்பார்த்தோம். அவளோ, "மிளகுப் பண்டசாலை" என்றாள். தொமீசியன் என்னும் பேரரசன் முதலாம் நூற்றாண்டின் இறுதியில், உரோமச் சதுக்கத்தின் அருகே, கீழைத்தேச வாசனைப் பண்டங்களைச் சேமிப்பதற்கென ஒரு களஞ்சியம் கட்டுவித்தான். பின்னாளில் அதன்மேல் மக்சென்சியஸின் மாபெரும் மண்டபம் எழுந்தது; களஞ்சியத்தின் எச்சங்களே இன்று உள. சேரநாட்டு முசிறித் துறையில் யவனர் மிளகு கொண்ட செய்தியைச் சங்க இலக்கியத்திற் படித்தவள் அல்லவா? வண்டியின் ஒரு முனையைப் படித்தவளுக்கு மறுமுனையையும் காணும் ஆவல். எமது தீவுக்கும் அந்நகரோடு தொடர்பு உண்டு. தப்ரபேன் என்று அவர்கள் அழைத்த இலங்கையிலிருந்து குளோடியஸ் மன்னனிடம் தூதுவர் சென்றதைப் பிளினி என்னும் உரோம ஆசிரியர் எழுதிவைத்துள்ளார்.

கொலோசியமும் உரோமச் சதுக்கமும் பலத்தீன் குன்றும் ஒரே நுழைவுச்சீட்டுக்குள் அடங்குவன. ஆகவே மகளின் விருப்பத்தோடு கொலோசியமும் தானே வந்து சேர்ந்தது. கி.பி. 80ஆம் ஆண்டில் தீத்தஸ் மன்னன் திறந்துவைத்த அவ்வரங்கு ஏறக்குறைய 50,000 பேரைக் கொண்டதாம். அத்தனை பேரும் நெருக்கடியின்றிப் புகும்பொருட்டு வாயில் வளைவுகளின்மேல் இலக்கங்கள் பொறித்திருந்தனர். அவற்றுட் சில இன்றும் தெரியும்.

துணைவியாரின் விடை, "தண்ணீர்" என்பது. கோடையிலே கிணறு உவர்த்துப்போகும் ஊரிற் பிறந்தவருக்கு வேறென்ன தோன்றும்? உரோமாபுரியின் தெருக்களிலே, வளைந்த மூக்குப் போன்ற குழாயையுடைய இரும்புத் தூண்கள் 2,000க்கு மேல் உள்ளன. 1874ஆம் ஆண்டில் தொடங்கிய இவ்வேற்பாட்டினால் நல்ல குடிநீர் இரவு பகலாக இலவசமாய் ஓடுகின்றது. குழாயின் வாயை விரலால் அடைத்தால், மேலேயுள்ள சிறு துவாரத்தின் வழியாக நீர் எழும்பிக் குடிப்பதற்கு வசதியாகும். புகழ்பெற்ற திரேவி நீரூற்று 1762ஆம் ஆண்டில் முற்றுப்பெற்றது. ஆயினும் அதற்கு நீர் வழங்கும் வாய்க்காலோ, கி.மு. 19ஆம் ஆண்டில் அகிரிப்பா வெட்டுவித்ததன் வழிவந்தது. ஏறக்குறைய 20 கிலோமீற்றர் தூரத்தைப் பெரும்பாலும் நிலத்தின் கீழாகவே, சிறு சரிவின் துணையால் மட்டும் அந்நீர் கடந்துவந்தது. நீரூற்றிலே பயணிகள் எறியும் நாணயங்கள் திரட்டப்பெற்று ஏழைகளுக்கு உதவும் தருமப்பணிக்குச் செல்கின்றன.

எமது விருப்பம் பாந்தியன் என்னும் கோயில். ஹாட்ரியன் காலத்தில், கி.பி. 126ஆம் ஆண்டளவில் முடிந்த கட்டடம். அதன் விதானத்தின் குறுக்களவு 43.3 மீற்றர், தரையிலிருந்து உச்சி வரையுள்ள உயரமும் அதுவே. அஃதாவது, அம்மண்டபத்தினுள்ளே ஒரு முழுக்கோளம் கச்சிதமாகப் பொருந்தி நிற்கும். இரும்புக்கம்பி இல்லாத கொங்கிறீற்றினால் ஆன விதானங்களுள் இதனிலும் பெரியது இன்றுவரை உலகில் இல்லை. உச்சியில் மூடப்படாத வட்டத் துவாரம் ஒன்று உண்டு. மழை உள்ளே விழும். தரையிலுள்ள சிறு துளைகளால் வடிந்துபோகும். கரும்பலகையிற் கோளத்தை எத்தனையோ முறை வரைந்தோம். அதன் நடுவே ஒருமுறை நின்று பார்க்கவேண்டும்.

இனிச் சில நடைமுறைச் செய்திகள். மாணவர் வருங்காலத்துக்கெனக் குறித்துக்கொள்ளலாம். இலங்கைக் கடவுச்சீட்டு உடையோருக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்திற்கு ஆறு மாதம் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதியும் அவசியம். கொலோசியத்தின் நுழைவுச்சீட்டிலே பெயர் பொறிக்கப்பட்டிருக்குமாதலால், கடவுச்சீட்டு கையில் இருத்தல் வேண்டும். டிசெம்பரில் வெயிலின் கொடுமை இல்லை; மழை உண்டு, பகலும் குறுகியது. மாலை நாலரை மணிக்கே கொலோசியத்தின் வாயில்கள் மூடப்படும். அதற்கு ஒரு மணி நேரத்தின் முன்பே உள்ளே விடுதல் நின்றுவிடும். மரக்கறி உணவு உண்போர், உள்ளியும் தக்காளியும் மட்டும் இட்ட மரினாரா என்னும் பீஸாவை நம்பி உண்ணலாம். மிளகிட்ட பாலாடைக்கட்டிப் பாஸ்தா அந்நகரின் சிறப்புணவே. ஆனால் அதிற் சேரும் பெக்கொரீனோக் கட்டியைச் செம்மறிக் குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த உறையினாலேயே உறைய வைப்பர். கண்டிப்பான சைவ உணவினர் அறிந்திருத்தல் நன்று.

தமக்கையாரின் விடை இரண்டு நாள் கழித்தே வந்தது. குசினி வாசலில் நின்றபடி சொன்னார்: "தம்பி, எனக்கு அந்தத் தாயும் பிள்ளையும் இருக்கிற சிலையை மட்டும் காட்டிவிட்டாற் போதும்."

அவர் குறித்தது மிக்கேல் ஆஞ்சலோ 1499ஆம் ஆண்டில், இருபத்துநான்கு வயதளவில், வெண்சலவைக்கல்லிற் செதுக்கி முடித்த சிலையை. சிலுவையிலிருந்து இறக்கிய மகனின் உடலைத் தாய் மடியில் ஏந்தியிருக்கும் கோலம். அயல்வீட்டுக் கத்தோலிக்க அம்மையாரின் சுவரில் அதன் படம் நெடுநாளாகத் தொங்குகின்றது. தமக்கையார் தம் ஒரே மகனை 2009ஆம் ஆண்டில், போரின் இறுதி நாள்களிற் பறிகொடுத்தவர். அவனுக்கு அப்பொழுது வயது 18. அவனது உடலைக் காணவும் அவருக்குக் கிடைக்கவில்லை. பத்து ஆண்டுகளுக்கு மேலாக அச்சுவரை அவர் பார்த்துவந்தது எமக்குத் தெரியாமற் போயிற்று. எமது 38 இடங்களுள் அச்சிலைக்கு நாம் ஒதுக்கியிருந்தது பத்து நிமிடம்!

அதன் பின்னர் திட்டம் தானாகவே அமைந்தது. வியாழன், நீரூற்றும் பாந்தியனும். வெள்ளி, கொலோசியமும் மகளின் பண்டசாலையும். சனிக்கிழமை முழுவதும் தமக்கையாருக்கு. ஞாயிறு வெறும் கட்டம், நடப்போம், இளைப்பாறுவோம்.

சிலை இருப்பது வத்திக்கானிலுள்ள புனித பேதுரு பேராலயத்தில், உள்ளே நுழைந்ததும் வலப்புறத்து முதலாவது சிற்றாலயத்தில். 1972ஆம் ஆண்டில் ஒருவன் சுத்தியலால் அடித்துச் சேதப்படுத்தியமையாற் பழுதுபார்க்கப்பட்டு, அதுமுதற் கண்ணாடிக்குப் பின்னால் வைக்கப்பட்டுள்ளது. பேராலயத்தினுள்ளே செல்லக் கட்டணம் இல்லை. காலை 7 மணிக்கே திறப்பர். ஞாயிறும் புதனும் திருத்தந்தையின் நிகழ்ச்சிகளாற் கூட்டம் மிகும் நாள்கள். ஆதலால் அவற்றைத் தவிர்த்தோம். தோளும் முழங்காலும் மூடியிருத்தல் அங்கே விதி. நல்லூரிலே ஆண்கள் மேலாடையைக் களைந்து நுழைகின்றோம்; அங்கே போர்த்துக்கொண்டு நுழைகின்றனர். முறை வேறாயினும் பணிவு ஒன்றே.

அருகிலுள்ள வத்திக்கான் அருங்காட்சியகத்தையும், 1512ஆம் ஆண்டில் அதே சிற்பி விதானம் தீட்டி முடித்த சிஸ்தைன் சிற்றாலயத்தையும் விட்டுவிட்டோம். மனம் நோகத்தான் செய்தது. எனினும், பல மணி நேரம் நடக்கத் தமக்கையாரின் முழங்கால்கள் இடம் கொடா. அவரை ஓரிடத்தில் இருத்திவிட்டு நாம் மாத்திரம் செல்லவும் மனம் ஒப்பவில்லை. அன்று அவர் எத்தனை நேரம் நின்றாலும் நாம் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை என்று மகளிடம் சொல்லிவைத்துள்ளோம்.

பயணத்திட்டம் வகுக்கும் நேயர்களுக்கு ஒன்று கூறுவோம். நகரப்படத்தை விரிக்கும் முன்னர் உடன் வருவோரைக் கேளுங்கள். அவர்களுள்ளும் பேசாதிருப்பவரை முதலிற் கேளுங்கள்.