வேகமாக இழுத்தால் வண்டி வந்துவிடாது

போளூரிலிருந்து அத்திமூர் வழியாக ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூருக்கு ஏறும் மலைச்சாலையில் ஒரு காலத்தில் பழைய ஜீப்பும் பிக்கப் வேனும்தான் ஓடின. 2020இல் புதிய 'தார்' வண்டியும் 2023இல் 'ஜிம்னி' வண்டியும் வந்தபின், நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிகள் சனி ஞாயிறில் சாதாரணமாகக் கண்ணில் படுகின்றன. அந்த வண்டிகளோடு ஒரு நம்பிக்கையும் மலை ஏறுகிறது. இந்த வண்டி எங்கும் மாட்டாது. அப்படியே மாட்டினாலும் ஒரு கயிறு போதும், வேகமாக ஓர் இழுப்பு இழுத்தால் வந்துவிடும். சென்னையிலிருந்து வருகிறவர் மட்டுமல்ல, மலையடிவாரத்து டிராக்டர்காரரும் மெக்கானிக்கும் லாரி ஓட்டுநரும் இதையே சொல்கிறார்கள். இந்த நம்பிக்கை தவறு. தவறு என்பதோடு நிற்காமல், பக்கத்தில் நிற்கிறவர் உயிரையும் எடுக்கக் கூடியது.

சேற்றில் இறங்கிய வண்டியை எது பிடித்து வைத்திருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். தார்ச்சாலையில் இரண்டு டன் வண்டியை உருட்ட நாற்பது கிலோ அளவுக்கு விசை இருந்தால் போதும். அதே வண்டி சக்கரத்தின் நடுக்குடம் வரை சேற்றில் புதைந்தால், ஏறக்குறைய அதன் முழு எடைக்குச் சமமான இழுவை தேவை. மட்கார்டு வரை இறங்கிவிட்டால் இரண்டு மடங்கு. ராணுவத்தில் வண்டி மீட்பவர்களுக்குச் சொல்லித் தரும் கணக்கு இது. அதாவது இரண்டு டன் வண்டிக்கு நான்கு டன் இழுவை. இழுக்க வருகிற வண்டியும் அதே ஈரமண்ணில்தான் நிற்கிறது. அதன் எஞ்சினில் எத்தனை குதிரைத்திறன் இருந்தாலும், டயருக்கும் மண்ணுக்கும் இடையே உள்ள பிடிப்பு எவ்வளவோ அவ்வளவுதான் அதனால் இழுக்க முடியும். ஈரமண்ணில் அது தன் எடையில் பாதிகூட இருக்காது.

ஆகவே கூட்ட வேண்டியது விசையை அல்ல, குறைக்க வேண்டியது தடையை. அதற்கான முதல் கருவி மண்வெட்டி. சக்கரத்துக்கு முன்னால் இருக்கிற சேற்றுச் சுவரை வெட்டிச் சரிவாக்கி, வண்டியின் வயிறு தரையில் உட்கார்ந்திருந்தால் அடியிலிருக்கும் மண்ணை வாரி எடுத்து, பலகையோ கல்லோ சக்கரத்தடியில் கொடுத்தால், தேவையான இழுவை பாதிக்கும் கீழே போய்விடும். பல நேரம் கயிறே வேண்டியிருக்காது. நம் ஊர்த் தேர் நிலைகுத்தி நின்றுவிட்டால் என்ன செய்கிறோம்? வடம் பிடிக்க இன்னும் நூறு பேரைக் கூப்பிடுவதோடு விடுவதில்லை. பின்சக்கரத்தில் நெம்புகோல் போடுகிறோம், சக்கரத்தின் கீழ் கட்டை கொடுக்கிறோம். அவ்வளவு பெரிய தேருக்குத் தெரிந்த வித்தையை ஒரு காருக்கு ஏன் மறக்கிறோம்?

இனி அந்த 'வேகமான இழுப்பு'. இரண்டு டன் வண்டி மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிவந்து கயிற்றை வெடுக்கென்று இழுக்கிறது. அதனிடம் இருக்கும் ஆற்றல் சுமார் 17,000 ஜூல். கட்டியிருப்பது இரும்புச் சங்கிலி. சங்கிலியும் இரண்டு வண்டிகளின் சட்டமும் சேர்ந்து 10 சென்டிமீட்டர் விட்டுக்கொடுக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அந்த 10 சென்டிமீட்டரில் வண்டி நிற்க வேண்டுமானால் சராசரியாக 17 டன் விசை பாய வேண்டும். அதற்கு முன்பே ஏதாவது ஒன்று பிய்ந்துகொள்ளும். எது பிய்யும் என்பது கட்டியவர் கையில் இல்லை. வேகத்தை 30ஆக்கினால் ஆற்றல் நான்கு மடங்கு. இதற்கென்றே செய்த நைலான் பட்டை வேறு மாதிரி வேலை செய்கிறது. 9 மீட்டர் பட்டை ஐந்தில் ஒரு பங்கு நீளும், 1.8 மீட்டர் தூரத்தில் அதே ஆற்றல் மெல்ல மெல்லப் பரவுவதால் விசை சராசரியாக ஒரு டன்னிலும் உச்சத்தில் இரண்டு டன்னிலும் நின்றுவிடும். இழுவைப் பட்டைக்கும் சங்கிலிக்கும் வித்தியாசம் விலையில் இல்லை, இந்த நீட்சியில் இருக்கிறது.

கடைத்தெருவில் கிடைக்கும் மஞ்சள் நிற 3 டன் பெல்ட்டை இதற்கு வாங்கி வைத்திருப்பவர்கள் நிறைய. அது பாலியெஸ்டர், கிரேனில் சுமை தூக்குவதற்காகச் செய்தது, நீளவே கூடாது என்று நெய்தது. மெதுவாக இழுக்க அது உதவும். ஓடிவந்து இழுக்க அதைப் பயன்படுத்துவது சங்கிலியைப் பயன்படுத்துவதற்குப் பக்கத்தில்தான் வரும். கயிறு எட்டவில்லை என்று நடுவே முடிச்சுப் போட்டால் அதன் பலம் பாதியாகிவிடுகிறது. இரண்டு பட்டைகளை ஷேக்கிள் என்னும் இரும்பு இணைப்பு வளையம் போட்டு இணைப்பது அதைவிட மோசம்: ஒரு பட்டை அறுந்தால் அந்த இரும்பு நேராக இழுக்கும் வண்டியின் கண்ணாடிக்குப் பறக்கும்.

கயிறு கிடக்கட்டும், அதை எங்கே கட்டுகிறோம்? பம்பரில் கட்டுகிறார்கள். ஆக்சிலில் கட்டுகிறார்கள். அவசரத்தில் ஸ்டியரிங் ராடில்கூடக் கட்டிவிடுகிறார்கள். பம்பரில் திருகி மாட்டும் அந்தச் சிறு வளையம், ஓடாத வண்டியைச் சமதரையில் மெதுவாக இழுக்கவும் சுமைவண்டியில் ஏற்றவும் கொடுக்கப்பட்டது. வெடுக்கென்று இழுப்பதற்கு அல்ல. ஆஸ்திரேலியாவில் டிரெய்லர் மாட்டும் இரும்புக் குமிழில் பட்டையைக் கட்டி இழுத்து, குமிழ் முறிந்து பறந்து ஆட்கள் செத்திருக்கிறார்கள். வண்டியின் முதுகெலும்பான சேஸியில் போல்ட் போட்டு இறுக்கிய, எவ்வளவு சுமை தாங்கும் என்று குறித்த கொக்கி முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. தூரக்காட்டுக்குப் போகும் வண்டிக்கு முதல் தயாரிப்பு அதுதான். ஷேக்கிள் வாங்கினால் அதன் உடம்பிலேயே 4.75 டன் என்று பொறித்திருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். எழுத்தே இல்லாத ஷேக்கிளின் பலம் விற்கிறவருக்கும் தெரியாது.

நாம் செய்கிற தயாரிப்போ வேறு. கூரையில் விளக்கு வரிசை, உயர்த்திய சஸ்பென்ஷன், அகலமான டயர், முன்னால் இரும்புக் கம்பித் தடுப்பு. அந்தத் தடுப்பு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு விரோதமானது என்று மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. அந்தத் தடுப்பிலேயே கயிற்றைக் கட்டி இழுப்பவர்களும் இருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது டிராக்டர். செய்யாற்று மணலிலோ ஏரிக்கரைச் சேற்றிலோ கார் மாட்டினால் முதலில் உதவிக்கு வருகிறவர் பக்கத்து நிலத்து டிராக்டர்காரர்தான். காசுகூட வாங்காமல் வருவார். அவருக்குத்தான் ஆபத்து அதிகம். கயிற்றை டிராக்டரின் பின்னச்சுக்கு மேலே எங்காவது கட்டி இழுத்தால், மாட்டிய வண்டி அசையாதபோது முன்சக்கரம் மேலே எழும்புகிறது. அங்கிருந்து டிராக்டர் மல்லாக்கக் கவிழ ஒன்றரை நொடிகூட ஆகாது. கிளட்ச்சை மிதிக்கலாம் என்று நினைப்பதற்குள் முடிந்துவிடும். கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் உருள்சட்டம் நம் வயல்களில் ஓடும் பெரும்பாலான டிராக்டர்களில் கிடையாது. கயிறு எப்போதும் அச்சுக்குக் கீழே, இழுவைச் சட்டத்தில்தான் மாட்டப்பட வேண்டும். கார்காரர் இதைத் தெரிந்து வைத்திருந்து சொல்ல வேண்டும். உதவ வந்தவர் உயிரைக் காப்பது உதவி கேட்டவர் பொறுப்பு.

கூட்டத்தையும் சொல்ல வேண்டும். நம் ஊரில் வண்டி மாட்டினால் தெருவே வந்து நிற்கும், பிள்ளைகள் கயிற்றுக்குப் பக்கத்தில் நிற்கும். கயிற்றின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு தூரத்துக்கு அவர்களை விலக்காமல் யாரும் கியர் போடக் கூடாது. கயிற்றின் நடுவே நனைத்த கோணிச்சாக்கைப் போட்டுவிட்டால், அறுந்தாலும் அது சீறிப் பறக்காமல் பெரும்பாலும் தரையில் விழும்.

"எத்தனை வருசமா இழுக்கிறோம், ஒண்ணும் ஆகலையே" என்பார்கள். இதுவரை வந்த வண்டிகள் லேசாக மாட்டியவை. ஒவ்வோர் இழுப்பிலும் கொக்கியிலும் போல்ட்டிலும் விழுந்த கீறல் கண்ணுக்குத் தெரியாது. நேற்று தாங்கியது என்பது நாளைக்குத் தாங்கும் என்பதற்குச் சாட்சி ஆகாது.

நாலு சக்கர இழுவையைப் பற்றியும் இதே மயக்கம். சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் டிஃபரன்ஷியலில் லாக்கோ அதற்கு ஈடான பிரேக் உதவியோ இல்லாத வண்டியில், குறுக்கே எதிரெதிராக இரண்டு சக்கரம் பிடிப்பை இழந்தால் மற்ற இரண்டும் சும்மா நிற்கும். சக்கரம் வெறுமனே சுற்றத் தொடங்கிய அந்த நொடியிலேயே காலை எடுத்துவிட்டு இறங்கிப் பார்த்தால், பாதி வேலை மிச்சம். மேலும் மேலும் ஆக்சிலரேட்டரை மிதிப்பவர் தனக்கான குழியைத் தானே தோண்டுகிறார். மணலில் டயர் காற்றை 32 பிஎஸ்ஐயிலிருந்து 18க்கு இறக்கினால் டயர் தரையில் நீளமாகப் படிந்து மிதக்கும். மேலே வந்ததும் மறுபடி நிரப்ப ஒரு சிறு காற்றுப்பம்ப் வேண்டும். இந்தப் பம்ப்பும், காற்றழுத்தமானியும், மண்வெட்டியும், நைலான் பட்டையும், இரண்டு ஷேக்கிளும் சேர்ந்தாலும் வண்டியின் ஒரு மூலையில் அடங்கிவிடும்.

ஜவ்வாது மலைத்தொடரில் தூரம் என்பது கிலோமீட்டரில் அளக்கிற சமாச்சாரம் அல்ல. 2023 மே மாதம் வேலூர் மாவட்டத்து அல்லேரி மலைப்பகுதியில், அத்திமரத்துக்கொல்லையில் பாம்பு கடித்து ஒரு குழந்தை இறந்தது. பாதை இல்லாததால் ஆம்புலன்ஸ் வழியிலேயே இறக்கிவிட, தாய் அந்த உடலைச் சுமந்துகொண்டு மலையேறினாள். அப்படிப்பட்ட மண்ணில் ஒரு கொக்கி பறந்து யார் நெஞ்சிலாவது பட்டால், அவரைக் கீழே கொண்டுவர யார் இருக்கிறார்கள்? மலையில் வண்டி மாட்டுவது சுற்றுலாக்காரர்களுக்கு மட்டும் நேர்வதும் அல்ல. காப்புக்காட்டுக்குள் விளையாட்டுக்கு வண்டி விடுவது குற்றம், அதை நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் சாமை மூட்டையும் புளியும் ஏற்றி மண்பாதையில் இறங்கும் பிக்கப் ஓட்டுநர், பிரசவத்துக்கு ஆளை ஏற்றி வருகிறவர், மழைக்காலத்தில் இவர்கள் மாட்டாமல் இருக்க வழியில்லை.

ஆண்டுதோறும் கோடை விழா நடக்கும் ஜமுனாமரத்தூரிலேயே, மலைமக்களின் பிக்கப் ஓட்டுநர்களையும் அடிவாரத்து டிராக்டர்காரர்களையும் கூட்டி வைத்து, ஒரு வண்டியைச் சேற்றில் இறக்கி, மண்வெட்டியில் தொடங்கி முறையாக எடுத்துக் காட்ட மாவட்ட நிர்வாகம் அரைநாள் ஒதுக்கலாம். தீயணைப்புத் துறைக்கு இந்த வேலை புதிதல்ல, அவர்களே நடத்தலாம். வண்டி விற்பவர்களிடமும் ஒன்று கேட்கிறேன்: சாவியைக் கொடுத்து மாலை போட்டுப் படம் எடுக்கும் முன்னால், வாங்குகிறவரைக் குனிய வைத்து, கயிறு மாட்ட வேண்டிய இடம் எது, மாட்டவே கூடாத இடம் எது என்று சேஸியைத் தொட்டுக் காட்டுங்கள்.