நரியா? பரியா?

ஆவுடையார்கோவில் என்றதும் நரி பரியான கதை நினைவுக்கு வரும். பாண்டிய மன்னன் குதிரை வாங்கப் பணம் கொடுத்து அனுப்பினான். மாணிக்கவாசகர் அந்தப் பணத்தில் இங்கே கோவில் கட்டினார். பிறகு மதுரைக்குக் குதிரைகள் வந்தன. பகலில் பளபளக்கும் பரி. இரவிலோ எல்லாம் நரி!

நம் ஊர் செருப்பை வாங்கும் ஐரோப்பிய வியாபாரிக்கும் இதே பயம்தான். மேலே பளபளப்பு. உள்ளே என்ன ரசாயனமோ?

ஜெர்மனியின் தடை

தோலில் பூசணம் பிடிக்காமல் இருக்க ‘பென்டாகுளோரோபீனால்’ என்ற மருந்து போட்டு வந்தார்கள். அது விஷம். 1989-ல் ஜெர்மனி அதற்குத் தடை போட்டது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் தொழில் திண்டாடியது. சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் மாற்று வழி காண உதவியது.

2015 மே 1 முதல் ஐரோப்பிய யூனியனில் இன்னொரு கட்டுப்பாடு. உடம்பில் படும் தோல் பொருளில், கிலோவுக்கு 3 மில்லிகிராமோ அதற்கு மேலோ ‘குரோமியம் 6’ இருந்தால் விற்கக்கூடாது. தோல் பதப்படுத்தும் சாதாரண குரோமியம், பக்குவம் தவறினால் இப்படி மாறிவிடும். சிலருக்கு அது பட்டால் அரிப்பும் புண்ணும் வரும்.

யாருக்கு நன்மை?

“இது என்ன கெடுபிடி?” என்று சலித்துப் பயன் இல்லை. செருப்பு போடுகிறவருக்கு முன்னால் அந்த மருந்தைத் தொடுகிறவர் நம் தொழிலாளி. நம் குழந்தையின் காலும் கால்தானே!

வெளிநாட்டுக்குப் பரி, உள்ளூருக்கு நரி என்று இருக்கலாமா?