டிவிடெண்டா, மலிவு விலையா? திருப்பதி பேட்டரி நிறுவனப் பங்கு சொல்லும் பாடம்

'வேலைக்குப் போகாமலே மாதம் 20,000 ரூபாய் டிவிடெண்ட் வருமானம்' என்ற ரீல்ஸ் உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மாதம் 20,000 என்றால் ஆண்டுக்கு 2.4 லட்சம் ரூபாய். பங்கின் விலையில் 3 சதவீதம் டிவிடெண்டாக வருகிறது என்று வைத்துக்கொண்டால், நீங்கள் 80 லட்சம் ரூபாய் முதலீடு செய்திருக்க வேண்டும். ஆனால் நிஃப்டி 50 நிறுவனங்கள் அண்மை ஆண்டுகளில் சராசரியாகத் தந்தது 1.5 சதவீதத்துக்கும் குறைவு.

சரி, 8 சதவீதம் தரும் பங்காகத் தேடி வாங்கினால்? அங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

இரண்டு வழிகள், இரண்டிலும் ஓட்டை

டிவிடெண்ட், அதாவது ஈவுத்தொகை என்பது நிறுவனம் தன் லாபத்தில் ஒரு பகுதியைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது. அதைப் பங்கு விலையால் வகுத்தால் கிடைப்பது டிவிடெண்ட் ஈல்டு. 100 ரூபாய் பங்குக்கு 4 ரூபாய் டிவிடெண்ட் என்றால் ஈல்டு 4 சதவீதம். அதே பங்கு 50 ரூபாய்க்கு விழுந்தால் ஈல்டு 8 சதவீதம் ஆகிவிடும். நிறுவனம் ஒரு ரூபாய்கூட அதிகம் தரவில்லை. விலைதான் விழுந்திருக்கிறது. அந்த விலை ஏன் விழுந்தது என்று கேட்காமல் வாங்குவதற்குப் பெயர்தான் டிவிடெண்ட் பொறி.

இன்னொரு வழி, வேல்யூ முதலீடு. ஒரு நிறுவனத்தின் உண்மையான மதிப்பைவிடக் குறைந்த விலையில் பங்கை வாங்கிப் பொறுமையாகக் காத்திருப்பது. இதிலும் ஓட்டை இருக்கிறது. மலிவாகத் தெரியும் பங்கு, தொழிலே நசிந்துகொண்டிருப்பதால் மலிவாக இருக்கலாம். கணக்கில் காட்டும் லாபம் உண்மையில் பணமாக வராமலும் இருக்கலாம்.

இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது புதிய யோசனை இல்லை. வேல்யூ முதலீட்டின் முன்னோடி பெஞ்சமின் கிரஹாம், 1949-ல் வெளியான 'தி இன்டெலிஜென்ட் இன்வெஸ்டர்' நூலில் எச்சரிக்கையான முதலீட்டாளருக்குச் சில அளவுகோல்களைத் தந்தார். விலை மலிவாக இருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. நிறுவனம் பல ஆண்டுகளாகத் தடையில்லாமல் டிவிடெண்ட் தந்திருக்க வேண்டும் என்பது மற்றொன்று.

இது நடைமுறையில் எப்படி இருக்கும்? நமக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது.

அமர ராஜா: மூன்று விலை, மூன்று கதை

ஆமரான் பேட்டரியை உங்கள் பைக்கிலோ காரிலோ பார்த்திருப்பீர்கள். அதைத் தயாரிக்கும் அமர ராஜா நிறுவனம் 1985-ல் தொடங்கப்பட்டது. தலைமையிடம் திருப்பதிக்கு அருகே ரேணிகுண்டா பக்கம் உள்ள கரகம்பாடி. மற்றொரு பெரிய தொழிற்சாலை வளாகம் சித்தூர் அருகே நூனேகுண்டலபள்ளியில் இருக்கிறது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டம் ஆகும்வரை இரண்டுமே சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தன. 2023-ல் நிறுவனத்தின் பெயர் அமர ராஜா எனர்ஜி அண்ட் மொபிலிட்டி என்று மாறியது.

இந்தப் பங்கின் மூன்று கட்டங்களைப் பாருங்கள்.

• 2021 தொடக்கம்: விலை சுமார் 1,000 ரூபாய். அந்த நிதியாண்டில் ஒரு பங்குக்கான லாபம் சுமார் 38 ரூபாய். அதாவது லாபத்தைப் போல 26 மடங்கு விலை. டிவிடெண்ட் 11 ரூபாய், ஈல்டு 1.1 சதவீதம்.

• 2022 மே: விலை 500 ரூபாய்க்கும் கீழே. 2021-22-ல் ஒரு பங்குக்கான லாபம் சுமார் 30 ரூபாய். விலை 17 மடங்குக்கும் குறைவு. டிவிடெண்ட் 4.50 ரூபாய், ஈல்டு சுமார் 0.9 சதவீதம்.

• 2024 ஜூலை: விலை 1,700 ரூபாயைத் தாண்டியது. 2023-24-ல் ஒரு பங்குக்கான லாபம் சுமார் 50 ரூபாய். விலை 34 மடங்கு. டிவிடெண்ட் 9.90 ரூபாய், ஈல்டு சுமார் 0.6 சதவீதம்.

கவனித்தீர்களா? பாதி விலைக்குக் கிடைத்தபோதும், உச்சத்தில் இருந்தபோதும் ஈல்டு 1 சதவீதத்தை ஒட்டியேதான் இருந்தது. ஈல்டை மட்டும் வைத்துப் பங்குகளை வடிகட்டும் ஒருவரின் பட்டியலில் இந்தப் பங்கு ஒருமுறைகூட வந்திருக்காது. மலிவு எது, விலை அதிகம் எது என்பதைச் சொன்னது லாபத்துக்கும் விலைக்கும் உள்ள விகிதம்தான்.

அப்போ டிவிடெண்ட் எதற்கு?

ஈல்டு சொல்லாததை டிவிடெண்டின் போக்கு சொல்லும்.

2021-22-ல் நிறுவனத்தின் லாபம் சுமார் 647 கோடியிலிருந்து 511 கோடி ரூபாயாகக் குறைந்தது. முக்கிய மூலப்பொருளான ஈயத்தின் விலை ஏறியது ஒரு காரணம். லாபம் குறைந்தது 21 சதவீதம். ஆனால் டிவிடெண்ட் 59 சதவீதம் குறைந்தது. லாபத்தில் 29 சதவீதத்தைப் பிரித்துக் கொடுத்த நிறுவனம், 15 சதவீதத்தை மட்டுமே கொடுத்தது.

இங்கே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். பணம் இல்லாமல் குறைத்தார்களா, அல்லது வேறு எதற்காவது எடுத்து வைக்கிறார்களா? இது இரண்டாவது வகை. அந்த ஆண்டும் லாபம் 500 கோடிக்கு மேல். 2022 டிசம்பரில், லித்தியம் பேட்டரித் தொழிற்சாலைக்காகத் தெலங்கானா அரசுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. 10 ஆண்டுகளில் 9,500 கோடி ரூபாய் முதலீடு செய்வது திட்டம்.

அடுத்த மாதமே ஒரு சோதனை. 2023 ஜனவரி 30 அன்று சித்தூர் ஆலையில் பெரும் தீ விபத்து. ஆனாலும் அந்த நிதியாண்டின் டிவிடெண்ட் குறையவில்லை, 6.10 ரூபாயாக உயர்ந்தது. 2023-24-ல் 9.90, 2024-25-ல் 10.50 ரூபாய். லாபம் காகிதத்தில் மட்டும் இல்லை, கையில் பணம் இருக்கிறது என்பதற்கு இது ஒரு சான்று. மலிவு விலை உங்களைத் திரும்பிப் பார்க்க வைக்கும். நம்பலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய டிவிடெண்டின் போக்கு உதவும்.

விலையை மறந்தால்?

2024 ஜூன் மாதம் ஆந்திரத் தேர்தல் முடிவு வந்தது. கூடவே லித்தியம் செல் தொழில்நுட்ப உரிமத்துக்கான ஒப்பந்தச் செய்தியும் வந்தது. பங்கு பறந்தது. ஜூலையில் 1,700 ரூபாய்க்கு வாங்கியவர், 2025 மார்ச்சில் பார்த்தபோது விலை 1,000 ரூபாய் அருகே இருந்தது. நிறுவனம் டிவிடெண்டை உயர்த்தத்தான் செய்தது. ஆனால் 700 ரூபாய் சரிவை 10.50 ரூபாய் எப்படி ஈடுகட்டும்?

வரியையும் கணக்கில் சேருங்கள்

2020 ஏப்ரல் முதல் டிவிடெண்டுக்கான வரி உங்கள் தலையில்தான். அது உங்கள் வருமானத்தோடு சேர்ந்து, நீங்கள் இருக்கும் வரி வரம்பின்படி கணக்கிடப்படும். 30 சதவீத வரம்பில் இருந்தால், 100 ரூபாய் டிவிடெண்டில் 30 ரூபாய்க்கு மேல் வரிக்கே போகும். ஒரு நிறுவனத்திலிருந்து ஆண்டுக்கு 10,000 ரூபாய்க்கு மேல் வந்தால் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கப்படும்.

மாறாக, ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்கும் பங்கின் லாபத்தில், ஆண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய் வரை வரி இல்லை. அதற்கு மேல் 12.5 சதவீதம். நல்ல சம்பளத்தில் இருக்கும் இளைஞருக்கு, லாபத்தை நிறுவனமே நல்ல வழியில் மறுமுதலீடு செய்வது பல நேரங்களில் லாபகரமானது.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

1. 10 ஆண்டு டிவிடெண்ட் வரலாறு: எந்த ஆண்டு குறைந்தது, ஏன்?

2. லாபத்தில் எவ்வளவு பங்கு டிவிடெண்டாகப் போகிறது? 90 சதவீதம் போகிறது என்றால், ஒரு மோசமான ஆண்டைத் தாங்குமா?

3. டிவிடெண்ட் செயல்பாட்டிலிருந்து வரும் ரொக்கத்திலிருந்து வருகிறதா, கடன் வாங்கித் தரப்படுகிறதா?

4. இன்றைய பி.இ. விகிதம், அந்த நிறுவனத்தின் பழைய சராசரியோடும் போட்டியாளரோடும் ஒப்பிட்டால் எப்படி? அமர ராஜாவுக்கு எக்சைடு.

5. கணக்குப் புத்தகத்தில் தெரியாத ஆபத்து என்ன?

ஐந்தாவதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஈய மாசு குற்றச்சாட்டின் பேரில் 2021 ஏப்ரல் இறுதியில் இந்த இரு இடங்களிலுமுள்ள ஆலைகளை மூட ஆந்திர மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உத்தரவிட்டது. மே மாதம் உயர் நீதிமன்றம் அதை இடைக்காலமாக நிறுத்திவைத்தது. எந்த பி.இ. விகிதத்திலும் இது தெரிந்திருக்காது.

இன்னும் பெரிய கேள்வி முன்னால் இருக்கிறது. வாகனங்கள் லித்தியத்துக்கு மாறும்போது, ஈய பேட்டரியில் சம்பாதித்த பணத்தைப் போட்டுக் கட்டும் புதிய ஆலை அதே அளவு லாபம் தருமா? தந்தால், 2022-ல் டிவிடெண்டைக் குறைத்தது சரியான முடிவு. தராவிட்டால், அந்தப் பணம் பங்குதாரர் கைக்கே வந்திருக்கலாம். இனி வரும் ஆண்டறிக்கைகளில் நீங்கள் முதலில் தேட வேண்டியது இதற்கான விடையைத்தான்.

(இந்தக் கட்டுரை விளக்கத்துக்காக மட்டுமே. எந்தப் பங்கையும் வாங்கவோ விற்கவோ தரப்படும் பரிந்துரை அல்ல. முதலீட்டுக்கு முன் செபியில் பதிவு பெற்ற ஆலோசகரைக் கலந்து பேசுங்கள்.)