வந்தாரை வாழவைக்கும் சங்கம்

வெளியூரிலிருந்து மாற்றலாகி வருகிற உத்தியோகஸ்தர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் வைத்துக்கொள்வது மிகவும் நல்ல காரியம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். சின்ன ஊர் ஒன்றில் இப்படி ஒரு சங்கம் ஏற்பட்டுவிட்டால் அந்த ஊரே நாகரிகத்தில் ஒருபடி உயர்ந்துவிட்டதாகப் பேச்சு. எனக்கு அந்த அபிப்பிராயம் இல்லை. எங்கள் ஊரில் இருக்கிற சங்கத்தைப் பல வருஷங்களாகப் பக்கத்திலிருந்து பார்த்து வருகிறேன். இன்றுள்ள நிலையில் அதைக் கலைத்துவிட்டால் ஊருக்கும் நஷ்டமில்லை, வந்தவர்களுக்கும் நஷ்டமில்லை என்பது என் கட்சி. சங்கத்தின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொல்லாமலே, படிக்கிற ஒவ்வொருவரும் 'இவன் நம் ஊர்ச் சங்கத்தைத்தான் சொல்லுகிறான்' என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

அங்கத்தினர்கள் யார் என்று பாருங்கள். பாங்கு மானேஜர், இன்ஷூரன்ஸ் அதிகாரி, மின்வாரிய என்ஜினீயர், தாலுகா ஆபீஸைச் சேர்ந்த இரண்டொருவர், கல்லூரி ஆசிரியர்கள், சர்க்கார் டாக்டர். மாதத்தில் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மாலையில் குடும்ப சகிதமாகக் கூடுகிறார்கள். ஹவுஸி என்று ஓர் ஆட்டம்; ஒருவர் எண்ணைக் கூப்பிடக் கூப்பிட மற்றவர்கள் தங்கள் சீட்டில் அடித்துக்கொண்டே போக வேண்டும். பகலெல்லாம் லட்சக் கணக்கில் கடன் பத்திரங்களில் கையெழுத்துப் போடுகிற கனவான், 'எண்பத்தெட்டு' என்ற ஒரு சொல்லுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது காணவேண்டிய காட்சி. பிறகு வீட்டுக்கொரு பதார்த்தமாகக் கொண்டுவந்து பகிர்ந்து சாப்பிடுவார்கள். பொங்கலுக்குக் கோலப் போட்டி, ஓணத்துக்குப் பூக்களம், வருஷத்தில் ஒருதரம் வேன் பிடித்துக்கொண்டு குற்றாலமோ ஏற்காடோ. வந்தவருக்கு வரவேற்பு, போகிறவருக்கு வழியனுப்பு. இரண்டுக்கும் சால்வை ஒரே கடையில்.

இவற்றில் எதையும் நான் ஆட்சேபிக்கவில்லை. மனுஷன் விளையாடத்தான் வேண்டும். புது ஊரில் வந்து இறங்குகிறவர்களுடைய தனிமையும் லேசான விஷயமல்ல. முக்கியமாக, புருஷனுக்கு மாற்றல் என்பதற்காகப் பெட்டி கட்டிக்கொண்டு பின்னால் வருகிற பெண்ணின் பாடு இருக்கிறதே, அதைக் கேட்பாரில்லை. அவனுக்காவது ஆபீஸ் இருக்கிறது. அங்கே அவனுக்காக ஒரு நாற்காலி காலியாக வைக்கப்பட்டிருக்கிறது. போய் உட்கார்ந்த மறு நிமிஷம் யாராவது வணக்கம் சொல்லிவிடுகிறார்கள். அவளுக்கோ பால்காரர் யார் என்று தெரியாது. குழாயில் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும், ராத்திரியில் குழந்தைக்கு ஜுரம் கண்டால் எந்த டாக்டர் எழுந்து வந்து கதவைத் திறப்பார், எந்தக் கடையில் கடன் சொல்லலாம், எந்தத் தெருவில் விளக்கு வைத்த பிறகு நடக்கக்கூடாது என்பதெல்லாம் புஸ்தகத்தில் அச்சடித்துக் கிடைக்கிற சங்கதிகளா? யாராவது சொல்ல வேண்டும். சொல்லுவதற்கு ஒரு கூட்டம் இருக்குமானால் அதைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

இந்த யோசனையை ஒரு முறையாகவே செய்து பார்த்தவர்கள் அமெரிக்கர்கள். 1928-ல் மெம்பிஸ் நகரத்தில் தாமஸ் பிரிக்ஸ் என்பவர் 'வெல்கம் வாகன்' என்று ஒன்று ஆரம்பித்தார். ஊருக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்திருக்கிறது என்று தெரிந்தால், உள்ளூர்ப் பெண்மணி ஒருத்தி கூடையோடு போய்க் கதவைத் தட்டுவாள். கூடையில் உள்ளூர்க் கடைக்காரர்கள் கொடுத்த சாமான்கள். அது வியாபாரந்தான், சந்தேகமில்லை. ஆனால் கதவைத் தட்டியவள் உள்ளூர்க்காரி என்பதைக் கவனிக்க வேண்டும். பின்னால் ஊருக்கு ஊர் புதியவர்களுக்கான கிளப்புகள் கிளம்பின. அவற்றில் பலவற்றில் ஒரு விதி உண்டு: இரண்டு அல்லது மூன்று வருஷத்துக்கு மேல் யாரும் அங்கத்தினராக நீடிக்க முடியாது. அதற்குள் ஊரைப் பழகிக்கொண்டு, அடுத்து வருகிறவனுக்கு இடத்தை விட்டுவிட்டுப் போய்விட வேண்டும். சங்கம் என்பது திண்ணை. வந்தவன் சற்று உட்கார்ந்து தாகத்துக்குத் தண்ணீர் குடித்துவிட்டு உள்ளே போகவேண்டிய இடம்.

எங்கள் ஊர்ச் சங்கத்தில் திண்ணைக்குச் சுவர் எழுப்பி, கதவு வைத்து, உள்பக்கமாகத் தாழ்ப்பாளும் போட்டாகிவிட்டது. பத்தொன்பது வருஷமாக இந்த ஊரிலேயே இருக்கிற ஒருவர் இன்னமும் அதில் பிரமுகர். பிள்ளைகள் இங்கேதான் பிறந்தார்கள். புறவழிச்சாலைக்குப் பக்கத்தில் மனை வாங்கி மாடியும் கட்டிவிட்டார். ஆனால் அவர் புதிதாக வந்தவர்! 'உங்க ஊர்ல எப்ப சார் கரண்டு ஒழுங்கா வரும்?' என்று என்னைக் கேட்பார். எங்கள் ஊராம். பத்தொன்பது வருஷம் ஓர் ஊரின் தண்ணீரைக் குடித்துவிட்டு அதை 'உங்க ஊர்' என்று சொல்ல, மனத்தில் ஒரு தனிப் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சியைத்தான் சங்கம் மாதாமாதம் கொடுத்துவருகிறது. கூட்டம் முடிந்து சாப்பிடுகிற வேளையில் பேச்செல்லாம் இந்த ஊர் எவ்வளவு மட்டம் என்பதைப் பற்றித்தான்: வேலைக்காரி வருவதில்லை, நல்ல காபி கிடைப்பதில்லை, ஜனங்களுக்கு வரிசையில் நிற்கத் தெரியவில்லை. எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால், இதைப் பேசிப் பேசித்தான் அவர்களுக்குள் சிநேகமே உண்டாகிறது.

ஜார்ஜ் ஆர்வெல் பர்மாவில் 1922 முதல் 1927 வரை போலீஸ் அதிகாரியாக இருந்தவர். அந்த அனுபவத்தில் விளைந்த நாவல் 1934-ல் வெளிவந்த 'பர்மிய நாட்கள்.' காட்டோரத்துச் சின்ன ஊர் ஒன்றில் ஒரு வெள்ளைக்காரர் கிளப்பு. வீராசாமி என்ற இந்திய டாக்டரை அதில் சேர்ப்பதா வேண்டாமா என்ற தகராறுதான் கதையின் அச்சாணி. வீராசாமி! பெயரைக் கேட்டாலே நமக்கு ரத்தம் கொதிக்கிறதல்லவா? வெள்ளைக்காரன் போய்விட்டான். அந்தக் கிளப்பின் நாற்காலிகளை மட்டும் யாரோ துடைத்து வைத்திருக்கிறார்கள்.

'ஊர்க்காரர்கள் எங்களைச் சேர்த்துக்கொண்டால்தானே!' என்று இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கிறது. முழுதும் பொய் என்று நான் சொல்லமாட்டேன், பாதி பொய். வந்தவனை உள்ளே இழுத்துக்கொள்ள நம் ஊர்களுக்கு வழி தெரியும். கோயில் திருவிழாவில் பல ஊர்களில் போலீஸ் இலாகா மண்டகப்படி, ரெவின்யூ இலாகா மண்டகப்படி, வக்கீல்கள் மண்டகப்படி என்று ஒவ்வொரு நாள் இருக்கிறது. சாமிக்கு ஒருநாள் செலவை ஏற்றுக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்கப் பந்தலில் நின்று பிரசாதம் கொடுத்த சப் இன்ஸ்பெக்டரை, மாற்றலாகிப் போய்ப் பத்து வருஷமான பிறகும் எங்கள் ஊர் பெயர் சொல்லி விசாரிக்கிறது. டீக்கடை பெஞ்சு இருக்கிறது. கிளை நூலகம் இருக்கிறது. சாயங்காலத்தில் கண்மாய்க்கரைமேல் நடக்கிற கிழவர்கள் இருக்கிறார்கள். போய் உட்கார்ந்தால் யாரும் எழுந்து போ என்று சொல்லுவதில்லை.

மற்றப் பாதி உண்மை. அது ரொம்பக் கசப்பான உண்மை. வந்தவனிடம் எங்கள் ஊர் கேட்கிற முதல் கேள்வி 'சொந்த ஊர் எது?' என்பது. இரண்டாவது, 'அங்கே எந்தத் தெரு?' மூன்றாவது கேள்விக்கு அநேகமாக அவசியமே ஏற்படாது. ஊர் உள்ளே இழுத்துக்கொள்ளும் என்றேனே, அந்தப் பதிலைப் பொறுத்துத்தான் இழுத்துக்கொள்ளும். மண்டகப்படியில்கூட எந்த நாள் யாருக்கு, யாருக்கு எந்த நாளுமே இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். இந்த இடத்தில்தான் வெளியூர்க்காரர்களின் சங்கம் ஒன்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றிருக்க வேண்டும். ஊருக்குள் யாரிடமும் உறவில்லை, பங்காளிச் சண்டையில்லை, பாகப் பிரிவினையில்லை. அவர்களுக்கு எதைப் பற்றிய பயம்?

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு பாங்குக்கு வேலையாக இளைஞர் ஒருவர் வந்தார். தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர். நன்றாகப் படித்தவர், பழைய நாவல்களைப் பற்றிப் பேசுவதற்காகவே என்னைத் தேடி வருவார். சங்கத்தில் அவருக்கு வரவேற்பு நடந்தது. சால்வை, லட்டு, கைதட்டல். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பஸ் நிலையத்தை அடுத்த லாட்ஜில் தங்கியிருந்தார். ஐந்து மாதம் கழிந்தும் அதே லாட்ஜில்தான் இருந்தார். ஊரில் வீடு இல்லாமலில்லை. காலையில் போய்ப் பார்ப்பார். சாவியை எடுத்துக்கொடுத்து, கிணற்றைக் காட்டி, வாடகையைப் பேசி, 'தம்பிக்கு எந்த ஊரு?' என்று ஆரம்பிப்பார்கள். சாயங்காலம் அட்வான்ஸோடு போனால், 'கோவிச்சுக்காதீங்க தம்பி, மகன் குடும்பத்தோட வர்றேன்னு போன் பண்ணிட்டான்' என்பார்கள். என் தெருவிலேயே அப்படி இரண்டு மகன்கள் திடீரென்று வருவதாக இருந்தது. இன்றுவரையில் ஒருவனும் வந்து சேரவில்லை. 1955-ல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்துவிட்டது. அதற்கென்ன? மகன் வருகிறான் என்று சொல்லுவது எந்தச் சட்டத்தின் கீழ் குற்றம்?

ஊர்க்காரர்களின் லட்சணம் இது. நான் மூடி மறைக்கவில்லை. சங்கத்தின் லட்சணத்தையும் கேளுங்கள். அங்கத்தினர்களில் மூன்று பேர் சொந்த வீட்டுக்காரர்கள் ஆகிவிட்டவர்கள். அதில் இரண்டு பேர் வீட்டில் மாடி காலி. மற்றவர்கள் குடியிருக்கிற வளவுகளில் காலியாகும் வீடுகள் அவர்களுக்குத் தெரியாமல் காலியாவதில்லை. ஐந்து மாதமும் ஒருவர் வாயைத் திறக்கவில்லை. நான் காரியதரிசியிடம் நேரிலேயே கேட்டேன். 'சார், நம்ம சங்கத்துல ஜாதி, அரசியல் ரெண்டும் பேசறதில்லைன்னு ஆரம்பத்துலேயே முடிவு பண்ணியிருக்கோம்' என்றார். பெருமையாகச் சொன்னார் என்பதுதான் விசேஷம். ஜாதியைப் பற்றிப் பேசாமலிருந்தால் அது எழுந்து போய்விடும் என்று நினைக்கிறார்கள் போலும். அது போகவில்லை, சம்மணம் கூட்டி உட்கார்ந்து அவர்களோடு ஹவுஸி ஆடிக்கொண்டிருந்தது. அந்த இளைஞர் சாமான்களைக் கட்டிக்கொண்டு பக்கத்து நகரத்திலிருந்து தினம் பஸ்ஸில் வந்துபோக ஆரம்பித்தார். பிறகு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். வழியனுப்பு விழாவுக்கு அவர் வரவில்லை. 'கொஞ்சம் ஒட்டாத சுபாவம்' என்று சங்கத்தில் சொல்லிக்கொண்டார்கள்.

அமெரிக்கர்களைப் புகழ்ந்தேன் என்று யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கேயும் கூடையைச் சுமந்துகொண்டு எல்லா வாசலுக்கும் போய்விடவில்லை. பென்சில்வேனியாவில் லெவிட்டவுன் என்று ஓர் ஊர். 1952-ல்தான் முதல் குடும்பங்கள் குடியேறின. ஆகவே அங்கே எல்லோருமே புதிதாக வந்தவர்கள். ஊரைக் கட்டியவர் கறுப்பர்களுக்கு வீடு விற்பதில்லை என்று வைத்திருந்தார். 1957 ஆகஸ்டில் வில்லியம் மயர்ஸ், டெய்சி மயர்ஸ் என்ற கறுப்பர் தம்பதி, முன்னால் அங்கே குடியிருந்தவரிடமிருந்து வீடு வாங்கிக்கொண்டு குழந்தைகளோடு வந்தார்கள். ராத்திரிக்கு ராத்திரி வாசலில் கூட்டம், ஜன்னல்மேல் கல். ஐந்து வருஷத்துக்கு முன்னால் தானும் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கியவன்தான் அந்தக் கல்லை எறிந்தான். ஆனால் அதே ஊரில் சில அண்டை வீட்டாரும் குவேக்கர்களும் அந்தக் குடும்பத்துக்குத் துணை நின்றார்கள். மயர்ஸ் குடும்பம் ஓடிவிடவில்லை. சில வருஷங்கள் அங்கேயே வாழ்ந்தது. வரவேற்பு என்ற வார்த்தைக்கு நான் அர்த்தம் தேடுவது அந்தச் சில பேரிடத்தில்.

இன்னொரு விஷயம். எங்கள் ஊருக்குப் புதிதாக வருகிறவர்களில் பெருந்தொகையினர் பாங்குக்கும் கல்லூரிக்கும் வருகிறவர்கள் அல்லர். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து பரோட்டாக் கடையிலும் செங்கல் சூளையிலும் வேலை செய்கிற பையன்கள்தான். அவர்களைச் சங்கத்தில் சேர்க்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்த அளவுக்கு எனக்குப் பேராசை கிடையாது. 2023 மார்ச் மாத ஆரம்பத்தில், வடக்கேயிருந்து வந்த தொழிலாளிகளைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்லுகிறார்கள் என்று பொய்யான வீடியோக்கள் பரவியது ஞாபகமிருக்கும். பீகார் அரசாங்கம் அதிகாரிகளை அனுப்பி விசாரிக்கும்படி ஆயிற்று. எங்கள் ஊர்ப் பையன்கள் கொட்டகைக் கதவை அடைத்துக்கொண்டு இரண்டு நாள் வெளியே வரவில்லை. சங்கத்தில் ஹிந்தி பேசுகிறவர்கள் அரை டஜன் பேர். ஒருவருக்குச் சொந்த ஊரே பீகார். கொட்டகைவரை நடந்து போய், 'பயப்படாதீர்கள், அப்படி ஒன்றும் நடக்கவில்லை' என்று அவர்கள் பாஷையிலேயே ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்? போனவர் டீக்கடைக்காரர், அவருக்குத் தெரிந்த ஹிந்தி பட்டாளத்தில் கற்றுக்கொண்ட நாற்பது ஐம்பது வார்த்தைகள்தான். சங்கத்தார் அந்த வாரம் ஹோலிப் பண்டிகைக்குச் சாயப் பொடி வாங்குவதில் மும்முரமாக இருந்தார்கள்.

'நாங்கள் பொழுதுபோக்குச் சங்கம். சமூக சீர்திருத்தம் எங்கள் வேலையில்லை' என்பது கடைசி வாதம். நல்லது. அப்படியானால் சீட்டுப்போட்டு ஆடுகிறவர்கள் என்று பெயர் வைத்துக்கொண்டு சௌக்கியமாக ஆடட்டும். என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. ஆனால் 1975-ம் வருஷத்துச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்திருக்கிறார்களே, அந்த விதிகளை நான் வாங்கிப் படித்துப் பார்த்தேன். நோக்கங்களில் முதலாவதாக இருப்பது, 'ஊருக்குப் புதிதாக வருவோர்க்கு வேண்டிய உதவிகளைச் செய்தல்.' பொழுதுபோக்கு நாலாவதாக வருகிறது. ஆகவே நான் புதிதாக எதையும் கேட்கவில்லை. அவர்கள் கையெழுத்துப் போட்டதைத்தான் கேட்கிறேன். மூன்று வருஷம் ஆனவர்கள் விலகிக்கொள்ளட்டும். சங்க வாசலில் ஒரு கரும்பலகை வைத்து, ஊரில் காலியாக இருக்கிற வீடுகளையும் வாடகையையும் எழுதட்டும். எந்த வீட்டுக்காரருக்கு மகன் திடீரென்று வருகிறான் என்பதையும் பக்கத்தில் குறித்து வைக்கட்டும். அங்கத்தினர்களின் மாடிகளும் அந்தப் பலகையில் வரவேண்டும்.

சங்கத்துக்குச் சொந்தக் கட்டடம் கட்டப்போகிறார்களாம். நன்கொடைப் புஸ்தகத்தோடு போன மாதம் நாலு பேர் வந்தார்கள். பலகை மாட்டிய மறுநாள் பணம் தருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அஸ்திவாரம் தோண்டியாகிவிட்டது. பலகையைப் பற்றி அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் யோசிப்பதாகக் காரியதரிசி சொல்லுகிறார்.