தூத்துக்குடியில் நல்ல காப்பி எங்கே கிடைக்கும்?

ஊருக்கு வர்ற நண்பர்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி இது. மக்ரூன் எங்கே, பரோட்டா எங்கேன்னு கேட்டா டக்குனு கடை பேரைச் சொல்லிடலாம். காப்பிக்கு மட்டும் பதில் கொஞ்சம் நீளம். அதான் பதிவாவே போட்டாச்சு :-)

முதல் விஷயம். பித்தளை டபராவுல நுரை ததும்பும் கும்பகோணம் டிகிரி காப்பியைத் தேடி இங்கே அலையாதீங்க மக்களே. கிடைக்காம இல்லை. ஆனா அது எல்லா நெடுஞ்சாலையிலும்தான் கிடைக்குது. இந்த மண்ணோட காப்பின்னா கருப்பட்டிக் காப்பிதான். உடன்குடி பக்கத்துத் தேரிக்காட்டுப் பனையில, சுண்ணாம்பு தடவின கலயத்துல பதநீர் இறக்கி, காய்ச்சி, சிரட்டையில ஊத்தி எடுக்கிற சமாச்சாரம். 2023-ல் உடன்குடி கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடே கிடைச்சிடுச்சு.

பிரச்சனை என்னன்னா, இப்போ எங்கே பார்த்தாலும் 'கருப்பட்டிக் காப்பி'ன்னு போர்டு. நம்ம மூளைக்குக் கணக்குதான் முதல்ல தோணும். ஒரு டம்ளருக்கு 15 கிராம் இனிப்புன்னு வெச்சுக்குங்க. சீனி கிலோ 45 ரூபான்னா 70 பைசா கூட ஆகாது. கருப்பட்டி கிலோ 350 ரூபான்னா 5 ரூபாய்க்கு மேல. சாதா காப்பியும் கருப்பட்டிக் காப்பியும் ஒரே விலைன்னா, டம்ளருக்குள்ள இருக்கிறது என்னன்னு நீங்களே முடிவு பண்ணிக்கலாம்.

அடுத்தது பால். கொதிக்கிற பால்ல நல்ல கருப்பட்டியைப் போட்டா திரிய வாய்ப்பு அதிகம். விஷயம் தெரிஞ்ச கடைக்காரர் கருப்பட்டியைத் தனியா காய்ச்சி வடிகட்டி வெச்சிருப்பார். கேட்டா கடுங்காப்பியாவும் தருவார். சுக்கும் மிளகும் மூக்கைத் துளைக்கிற அளவுக்குப் போட்டிருந்தா உஷார். அந்தக் காரத்துல எந்தக் கலப்படமும் தெரியாது.

மூணாவது, கடை இருக்கிற இடம். மீன்பிடித் துறைமுகம் பக்கம், பழைய பேருந்து நிலையம் சுத்தி, விடியறதுக்கு முன்னாடியே திறக்கிற சின்னக் கடைகளா பாருங்க. தினமும் வர்ற ஆளை ஏமாத்தினா மறுநாள் அவர் அடுத்த கடைக்குப் போயிடுவார். பைபாஸ் கடைக்கு அந்தப் பயம் கிடையாது. கார்ல வந்தவர் திரும்ப வரப்போறதில்லையே.

"குடிக்க நல்லாத்தானே இருக்கு, சீனி கலந்தா என்ன?"ன்னு கேட்கலாம். கலப்படம் பாதி விலைக்கு வித்தா, அசல் காய்ச்சுறவர் சரக்கு தேங்கிடும். உயிரைப் பணயம் வெச்சுப் பனை ஏறுறவருக்குக் கூலி கட்டாது. அவர் மகன் ஏறவே மாட்டான். அதைத் தப்புன்னும் சொல்ல முடியாது.

இந்த ஊருக்கு இது புதுசும் இல்லை. 1961-க்கு அப்புறம் இங்கே பெரிய முத்துக்குளிப்பே நடக்கலை. ஆனாலும் நாம இன்னும் முத்துநகர்தான், சென்னைக்கு முத்துநகர் எக்ஸ்பிரஸ்லதான் போறோம். பேரு மட்டும் மிச்சம். முத்துச்சிப்பி அழிஞ்சதை ஒரு டம்ளர் காப்பியால நிறுத்தியிருக்க முடியாது. கருப்பட்டி விஷயத்துல கொஞ்சமாவது முடியும்.

அதனால என் கட்சி இதுதான்: அஞ்சாறு ரூபா கூடக் கேட்கிற கடையில பேரம் பேசாம குடிங்க. நல்ல காப்பிக்கடைக்கு அதுதான் முதல் அடையாளம்.

டிஸ்கி: கடை பேர் எதுவும் சொல்லலையேன்னு திட்டாதீங்க. பேர் சொன்னா அங்கே கூட்டம் கூடும், கூட்டம் கூடினா சீனி கூடும் :-)