வீட்டுக்கு ஒரு கொப்பரை, லாரிக்கு ஒரு கொப்பரை

எங்க பக்கம் கரும்பாலை ஓடற சீசன்ல எல்லாரும் பாக்கற ஒரு விசயம் இருக்கு. யாரும் அதை வாய்விட்டுப் பேசறதில்லை. நாள் பூரா லாரிக்கு வெல்லம் காய்ச்சுவாங்க. நடுவுல ஒரு நாள் வீட்டுக்குன்னு ஒரு கொப்பரை தனியா ஏத்துவாங்க. அதுல மருந்து விழாது, அஸ்கா விழாது. கருத்த நெறத்துலதான் எறங்கும். மகள் வீட்டுக்கும் சம்பந்தி வீட்டுக்கும் அதுதான் போகும். லாரியில ஏறி உங்க ஊருக்கு வர்றது வேற.

இதை எழுதினா எங்க ஆளுகளே என்னைத் திட்டுவாங்க. திட்டட்டும்.

டவுன்ல இருக்கறவங்களுக்காகக் கொஞ்சம் விவரமாச் சொல்றேன். ஒரு டன் கரும்பு ஆட்டினா ஏறக்குறைய நூறு கிலோ வெல்லம் கிடைக்கும். சாறு கொதிக்கும்போது கொஞ்சம் சுண்ணாம்பு போட்டு, மேல தெரண்டு வர்ற அழுக்கை அள்ளி அள்ளி வெளியில ஊத்தணும். அந்தக் காலத்துல வெண்டைத் தண்டைத் தட்டி, அந்தக் கொழகொழப்பை ஊத்தி அழுக்கைப் பிரிச்சாங்க. அழுக்கு எடுக்கறதுக்கு ஆளும் வேணும், பொறுமையும் வேணும். ரெண்டும் இல்லாதவனுக்கு வந்து சேர்ந்ததுதான் ஹைட்ராஸ். முழுப் பேரு சோடியம் ஹைட்ரோசல்பைட். சாயப்பட்டறையில துணிக்குப் போடற சரக்கு. ஒரு பிடி போட்டா கறுத்த பாகு மஞ்சளா மாறிடும். வெல்லத்துல கந்தக டை ஆக்சைடு 70 பிபிஎம்முக்கு மேல இருக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. கொப்பரைப் பக்கத்துல நின்னு கையால அள்ளிப் போடறவன் எந்தப் பிபிஎம்மைக் கண்டான்? ஆஸ்துமா இருக்கறவங்களுக்கு அது ஆகாத சரக்கு. இன்னொண்ணு, அந்த மஞ்சளும் நிக்காது. கொஞ்ச நாள் கழிச்சு வெல்லம் மறுபடி கறுக்கும். அதுக்குள்ள வித்துட்டா சரி, அவ்வளவுதான் கணக்கு.

அஸ்கா கதை இதைவிட மோசம். சர்க்கரை வெல காய்ச்சற செலவைவிடக் கொறைவா இருந்தா மூட்டை மூட்டையாக் கொண்டு வந்து பாகுல கொட்டறது. எடையும் கூடும், கட்டியும் கெட்டியா, பளபளன்னு நிக்கும். நீங்க சர்க்கரை வேண்டாம்னு வெல்லத்துக்கு மாறறீங்க. அவன் அந்தச் சர்க்கரையையே உருக்கி உங்களுக்கு வெல்லமாத் தர்றான், அதுவும் கூடுதல் வெலைக்கு!

கேட்டா என்ன சொல்லுவாங்க? "ஊரே செய்யுது, நான் ஒருத்தன் செய்யாட்டி என் சரக்கு நிக்கும்." இதுல பாதி நெசம். மருந்தில்லாத சரக்கைப் பாத்தா யாவாரி மூஞ்சியச் சுளிப்பான், பழைய சரக்கான்னு கேப்பான், வெலையைக் கொறைப்பான். அந்த நட்டத்தை நான் இல்லைன்னு சொல்லல. ஆனா அந்தத் தனிக் கொப்பரை இருக்கே, அது மீதிப் பாதியைக் காட்டிக் குடுத்துருது. தெரியாமச் செய்யறவன் தன் வீட்டுக்கும் அதையேதான் எடுத்துட்டுப் போவான். தெரிஞ்சு செய்யறவன்தான் தனியாக் காய்ச்சுவான்.

வெல்லம் மட்டுமில்லை. கத்திரிக்காய், காலிபிளவர் போடறவங்க தோட்டத்துல வாய்க்கா ஓரமா ரெண்டு பாத்தி மருந்தடிக்காம நிக்கும், வீட்டுக்கு. மருந்தடிச்சா இத்தனை நாள் கழிச்சுத்தான் பறிக்கணும்னு டப்பாவுலயே போட்டிருக்கான். மறுநாள் சந்தைன்னா அதைப் படிக்கறவன் யாரு?

பால்ல பாருங்க. சொசைட்டிக்கு ஊத்தற பாலுல தண்ணி கலக்க யோசிப்பாங்க. அங்க லாக்டோமீட்டர் இருக்கு, கொழுப்பும் எஸ்என்எஃப்பும் பாத்துத்தான் காசு. அதே மாட்டுப் பாலு வாடிக்கை வீட்டுக்குப் போகும்போது வழியில ஒரு சொம்பு தண்ணி ஏறும். அங்க மெசின் இல்லை, ஒரு பாட்டிதான் பாத்திரத்தோட நிக்குது. மெசினுக்கு முன்னால யோக்கியம், பாட்டிக்கு முன்னால தண்ணி. இதுக்குப் பேரு நேர்மையா? மெசினுக்குப் பயந்த பொழப்புன்னுதான் நான் சொல்லுவேன்.

கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துல இருந்துதான் பழனி பஞ்சாமிர்தத்துக்கு நாட்டுச் சர்க்கரை வாங்கறாங்க. அந்தப் பஞ்சாமிர்தத்துக்கு 2019ல புவிசார் குறியீடும் கிடைச்சுது. எங்க பக்கத்துச் சரக்கு சாமிக்குப் போகுதுன்னு நாங்க பெருமையாச் சொல்லிக்குவோம். கோயிலுக்குப் போற மூட்டைன்னு தெரிஞ்சா கலக்க எவனுக்கும் கை நடுங்கும். கடைக்குப் போறதுக்கு நடுங்காது. அந்தக் கடையில வாங்கறவனும் பொங்கலன்னிக்கு அதைச் சாமிக்குத்தானய்யா படைக்கறான்?

இப்ப உங்ககிட்ட வர்றேன். கோவிச்சுக்காதீங்க. மஞ்ச வெல்லம்தான் வேணும்னு கடையில நிக்கறது நீங்க. கறுத்ததை எடுத்து மோந்து பாத்துட்டுத் திருப்பி வைக்கறதும் நீங்கதான். ஹைட்ராஸ் டப்பாவைக் கொப்பரைக்குள்ள நீங்க கவுக்கலை, ஆனா கவுக்கச் சொல்லி காசு குடுத்தது உங்க கண்ணு. இதை வச்சு ஆலைக்காரன் தப்பிக்கவும் முடியாது. "அவங்க கேட்டாங்க, குடுத்தோம்"னா, கேக்கறவங்களுக்கு அதுல என்ன இருக்குன்னு சொல்லியா குடுத்தீங்க? சிப்பத்து மேல 'ஹைட்ராஸ் போட்டது, அஸ்கா கலந்தது'ன்னு எழுதி வித்துப் பாருங்க. அப்பவும் வாங்கினா அது அவங்க பாடு.

ஆலை வச்சிருக்கற அண்ணன் தம்பிகளுக்கு ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இந்த சீசன்ல வீட்டுக்குன்னு தனிக் கொப்பரை ஏத்தாதீங்க. லாரிக்குக் கட்டின சிப்பத்துலயே ரெண்டு கிலோ ஒடைச்சு பேத்திக்குக் குடுங்க. குடுக்கக் கை வரலைன்னா, அந்த லாரியை ஏன் அனுப்பறீங்கன்னு எனக்குப் பதில் சொல்லுங்க.

பொங்கலுக்கு வெல்லம் வேணுங்கறவங்க மார்கழி மொதல்லயே கடைக்காரர்கிட்ட மருந்தில்லாத கறுத்த வெல்லம் சொல்லி வைங்க. பத்துப் பேரு கேட்டா அவரு யாவாரிகிட்டக் கேப்பாரு, யாவாரி எங்ககிட்ட வருவான். கொஞ்சம் கசடு இருந்தா, தண்ணியில கரைச்சு வடிகட்டிக்குங்க.