துடுப்பை யார் பிடிப்பது?

ஆம்பூர் என்றதும் பிரியாணி நினைவுக்கு வரும். வாணியம்பாடி என்றாலும் அப்படியே. இரண்டு ஊர்களும் திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கின்றன. வேலூர் மாவட்டத்தைப் பிரித்து 2019-ல் உண்டாக்கிய மாவட்டம் அது. ஒரு பக்கம் ஜவ்வாது மலை, இன்னொரு பக்கம் ஏலகிரி மலை. பிரியாணிக்குப் பேர் போன இந்தச் சீமையில், ரம்ஜான் மாதத்தில் இன்னொரு பெயரும் அடிபடுகிறது. அதுதான் ஹலீம்.

கறி, கோதுமை, பருப்பு ஆகிய மூன்றையும் ஒன்றாக வேகவைத்து, எது கறி, எது கோதுமை என்று தெரியாதபடி கடைந்து எடுப்பதே ஹலீம். கூழ் போல இருக்கும். ஆனால் விரலால் எடுத்தால் நூல் நூலாக இழுபடும்.

"இதை வீட்டிலேயே செய்தால் என்ன?" என்று கணவன்மார் கேட்கிறார்கள். செய்யலாம். தாராளமாகச் செய்யலாம். ஆனால் கடைவது யார்?

ஆண்கள் செய்த வேலை

ஹலீமின் தாய் அரபு நாட்டு 'ஹரீஸ்'. பத்தாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் எழுதிய சமையல் நூலிலேயே அதற்குச் செய்முறை இருக்கிறது. ஏமன் நாட்டிலிருந்து வந்து நிஜாம் படையில் சேர்ந்த அரபு வீரர்கள் அதை ஐதராபாத்துக்குக் கொண்டு வந்தார்கள். அவர்கள் குடியேறிய பார்க்காஸ் பகுதியில் இன்றும் ஹரீஸ் கிடைக்கிறது. ஐதராபாத்தார் அதில் பருப்பும் மசாலாவும் நெய்யும் சேர்த்தார்கள். ஹலீம் பிறந்தது. 2010-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அங்கே செங்கல் அடுப்பில் பெரிய அண்டாவைப் பதித்து, விறகுத் தீயில் பன்னிரண்டு மணி நேரம் வரை வேகவைக்கிறார்கள். அண்டாவைச் சுற்றி நின்று, உலக்கை போன்ற மரக்கட்டைகளால் இடிப்பவர்கள் யார்? தோள் வலுவுள்ள ஆண்கள்! வேர்வை சிந்தி இடிக்கிறார்கள்.

துருக்கி நாட்டில் இதற்கு ஓர் உறவுக்காரன் உண்டு. பெயர் 'கெஷ்கெக்'. கோதுமையும் கறியும் சேர்ந்த கல்யாணச் சாப்பாடு. மேளம் கொட்ட, கல் உரலில் கோதுமையைக் குத்துவார்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்தே சமைப்பார்கள். இந்த வழக்கத்தை ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ 2011-ல் தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது.

இப்படி ஊரே கூடிச் செய்த வேலை, வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரே ஒரு பெண்ணின் தலையில் விழுகிறது. என்ன நியாயம் இது? ஹலீம் வேண்டும் என்று கேட்கும் ஆண், முதலில் துடுப்பைக் கையில் எடுக்கட்டும்!

துடுப்புக்கு இந்தப் பக்கத்தில் பஞ்சமில்லை. கேழ்வரகுக் களி கிண்டிய சீமை இது. பாட்டி வைத்திருந்த களித்துடுப்பு பரணில் கிடக்கும். கழுவி எடுத்தால் போதும். இல்லாவிட்டால் பருப்பு கடையும் மத்து இருக்கவே இருக்கிறது.

முற்றல் கறியே நல்லது

கறிக்கடையில் இளங்கறி தேட வேண்டாம். அது பிரியாணிக்கு. ஹலீமுக்கு எலும்பை ஒட்டிய கால் கறிதான் ஏற்றது; முற்றலாக இருந்தாலும் பாதகமில்லை. அதிலுள்ள சவ்வு மெல்ல மெல்லக் கரைந்துதான் அந்தப் பிசுபிசுப்பைத் தருகிறது.

எலும்போடு முக்கால் கிலோ கறிக்கு உடைத்த கோதுமை 200 கிராம் போதும். கடலைப்பருப்பு, துவரம்பருப்பு, பாசிப்பருப்பு, உளுந்து எல்லாம் சேர்ந்து 100 கிராம். கோதுமையையும் பருப்பையும் கழுவி இரண்டு மணி நேரம் ஊறவைக்க வேண்டும்.

இஞ்சி பூண்டு விழுது, பச்சை மிளகாய், மிளகு, பட்டை, ஏலம், உப்பு சேர்த்துக் கறியைத் தனியாக வேகவைக்க வேண்டும். குக்கர் வைத்தால் குற்றமில்லை. எலும்பிலிருந்து கறி தானாகக் கழன்று விழ வேண்டும். பிறகு எலும்புகளை எல்லாம் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். குழந்தைகள் சாப்பிடும் பண்டம். ஒரு சிறு துண்டும் தங்கக் கூடாது.

கோதுமையும் பருப்பும் இன்னொரு பாத்திரத்தில் குழையட்டும். இரண்டையும் ஒன்று சேர்த்த பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பம். அடிகனமான பாத்திரம், சிறு தீ, இரண்டு மணி நேரம். அவ்வப்போது வெந்நீர் ஊற்றி, நெய் விட்டு, இடித்துக் கடைந்துகொண்டே இருக்க வேண்டும். கையை எடுத்தால் அடிப்பிடிக்கும்.

"மிக்சியில் ஒரு சுற்று சுற்றினால் முடிந்ததே!" என்பார்கள் சோம்பேறிகள். முடியாது! மிக்சியின் கத்தி கறியின் நாரை வெட்டிவிடும். கிடைப்பது ஹலீம் அல்ல, பசை. துடுப்பு நாரை வெட்டுவதில்லை, பிரிக்கிறது. அதனால்தான் நூல் இழுபடுகிறது.

தகப்பனுக்குக் கை வலித்தால் மகன் பிடிக்கட்டும். மகனுக்கு வலித்தால் மருமகன் வரட்டும். வீட்டுக்காரி நாற்காலியில் உட்கார்ந்து உப்பு பார்த்துச் சொன்னால் போதும்.

நெய்யில் சிவக்க வறுத்த வெங்காயம், முந்திரி, புதினா, கொத்தமல்லி தூவி, எலுமிச்சம்பழம் பிழிந்து சூடாகப் பரிமாற வேண்டும். ஆறினால் இறுகிவிடும். பாத்திரத்தின் அடியில் ஒட்டியதை ஊறவைத்துத் தேய்ப்பதும் துடுப்பு பிடித்தவரின் வேலைதான்.